வாசகர் கேள்வி – பதில்: பின்விளக்கில் சிலந்தி வலை போன்ற கீறல்கள்

கேள்வி: எங்கள் காருக்கு ஆறு வயதாகிறது. தினமும் காலையில் துணியால் துடைத்த பிறகுதான் வண்டியை எடுப்போம். இப்போது வெயில் படும்போதெல்லாம் பின்விளக்கின் சிவப்பு பிளாஸ்டிக்கில் வட்டவட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன. போதாததற்குச் சுவரில் உரசியதால் ஒரு விரல் நீளத்துக்குக் கோடும் விழுந்துவிட்டது. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் என் மைத்துனர். பெட்ரோலில் துடைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: முதலில் பெட்ரோல் யோசனையைக் கைவிடுங்கள். பெரும்பாலான கார்களின் பின்விளக்கு மூடி அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பெட்ரோலோ தின்னரோ பட்டால் அதன் உள்ளே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடிவிடும். அவற்றை எந்த பாலிஷாலும் எடுக்க முடியாது. பற்பசையில் தேய்க்கும் துகள்கள் இருப்பது உண்மைதான் என்றாலும், அவை பல் துலக்குவதற்காகச் சேர்க்கப்பட்டவை. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பாலிஷ் இதற்கென்றே நுண்மையாக அரைக்கப்பட்டது. விலையும் கட்டுப்படியாகக் கூடியதே.

நீங்கள் பார்க்கும் வட்டங்கள் உண்மையில் வட்டங்கள் அல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன; அவற்றுள் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே மின்னுவதால், சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றி வலை பின்னியதுபோல் தோன்றுகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும். அவற்றை உண்டாக்கியது, சொல்ல வருத்தமாக இருந்தாலும், உங்கள் காலை நேரத் துடைப்புதான். இரவில் படிந்த தூசியை உலர்ந்த துணியால் இழுக்கும்போது, அதிலுள்ள மணல் துகள்தான் பிளாஸ்டிக்கைக் கீறுகிறது.

இனி சோதனை. விளக்கைக் கழுவி, கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் பாலிஷ் மட்டுமே போதும். தடுத்தால், அந்த இடத்தில் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரத்தில் மறையும் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஈரத்திலும் அப்படியே தெரிகிற கோடு ஆழமானது; அதைக் குறைக்கலாமே தவிர, அடியோடு எடுக்க முயன்று மூடியை ஓரிடத்தில் மட்டும் குழியாக்கிவிடக் கூடாது.

சுவர் உரசிய கோட்டுக்கு வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், தேவைப்படும். சுற்றியுள்ள பெயின்ட் மீது மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகு, 1500, 2000, 3000 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடப் பேப்பர் நுண்மையாகும்), ஷாம்பூ சில துளி கலந்த தண்ணீரில் பேப்பரை ஊறவைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். 1500-ஐக் கிடைமட்டமாகத் தேய்த்தால் 2000-ஐச் செங்குத்தாகத் தேய்ப்பது நல்லது. முந்தைய பேப்பரின் கோடுகள் எல்லாம் போய்விட்டனவா என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: அவசரப்பட்டு 1500-லிருந்து நேரே பாலிஷுக்குத் தாவுகிறார்கள், அது விட்டுச்சென்ற கோடுகள் பளபளப்புக்கு அடியில் அப்படியே நின்றுவிடுகின்றன. தேய்க்கும்போது வழியும் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், அது பிளாஸ்டிக்கின் சொந்த நிறம். 3000 முடிந்ததும் விளக்கு முழுவதும் பால் படிந்தாற்போல் மங்கியிருக்கும். அந்த மங்கல் எங்கும் ஒரே சீராக இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை, அதன் பின் நுண்மையான பாலிஷ். காம்பவுண்டை ஸ்பாஞ்சில் தொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதியாக முடித்துக்கொண்டே நகருங்கள். கையாலேயே செய்யலாம், நேரம்தான் கூடும். டிரில்லில் பேட் மாட்டிச் செய்வதானால் வேகத்தைக் குறைத்து வையுங்கள், ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வெப்பத்தைக் கடத்தவும் தெரியாத பொருள் என்பதால் சூடு தேய்க்கும் இடத்திலேயே தேங்கிவிடும். தொழில் கற்ற காலத்தில் ஒரு விளக்கின் ஓரத்தில் சில வினாடி அதிகமாக பேட்டை வைத்துவிட்டேன். உருகி இழுபட்ட அந்தத் தழும்பைப் பிறகு எதைக் கொண்டும் சரிசெய்ய முடியவில்லை. அன்றிலிருந்து இடையிடையே புறங்கையை வைத்துப் பார்ப்பது என் வழக்கம், சுட்டால் நிறுத்திவிடுவேன்.

இது அழகுக்கான வேலை மட்டுமல்ல. பல வண்டிகளில் பின்விளக்கு மூடியிலேயே, பின்னால் வரும் வண்டியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் எதிரொளிப்பானும் அமைந்திருக்கும். விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் காரைப் பின்னால் வருபவருக்குக் காட்டிக்கொடுப்பது அதுதான். கீறல் அடர்ந்தால் அந்த ஒளி சிதறிவிடுகிறது.

வேலை முடிந்ததும் வேக்ஸ் பூசுங்கள். நாளை காலையிலிருந்து, முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, பிறகு ஈரமான மைக்ரோ ஃபைபர் துணியால் துடையுங்கள்.

கேள்வி: மஞ்சளான முகப்பு விளக்குக்கும் இதே முறை பொருந்துமா?
– வாசகி ஒருவர், சேலம்

பதில்: தேய்க்கும் முறை பொருந்தும். ஆனால் முகப்பு விளக்கு மூடி பாலிகார்பனேட்டால் ஆனது. வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க அதன் மேல் ஒரு காப்புப் பூச்சு உண்டு. தேய்க்கும்போது அந்தப் பூச்சும் போய்விடுவதால், பாலிஷுக்குப் பிறகு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தே தீர வேண்டும். அடிக்காமல் விட்டால் மீண்டும் மஞ்சளாகிவிடும்.