நம்பர் பிளேட்டில் அப்பா பெயர்: அபராதத்தை எதிர்க்கலாமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். 2016-ல் பதிவான என் பைக்கின் பின்பக்க நம்பர் பிளேட்டில், காலமான அப்பாவின் பெயரை மேலே எழுதி, கீழே எண்ணை ஸ்டைலாகப் போட்டிருக்கிறேன். வேலூர் கிரீன் சர்க்கிளில் நிறுத்தி 500 ரூபாய் அபராதம் விதித்தார்கள். கிட்டே வந்து பார்த்தால் எண் நன்றாகவே தெரிகிறது. கோர்ட்டுக்குப் போகலாமா சார்?

பதில்: போகலாம், ஆனால் வாதம் நிற்காது. அபராதத்தைக் கட்டிவிடுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல், 50, 51 ஆகிய விதிகள் இதைப் பற்றித்தான் பேசுகின்றன. சொந்த வண்டி என்றால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. பைக்கின் பின்பக்கம் எழுத்தின் உயரம் 35 மில்லிமீட்டர், எண்ணின் உயரம் 40, தடிமன் 7, இடைவெளி 5. முன்பக்கம் இரண்டுக்கும் உயரம் 30. நீங்கள் அனுப்பிய படத்தில், பெயருக்கு இடம் விட்டதில் எண்கள் பாதியாகச் சுருங்கிவிட்டன. 3 எது, 8 எது என்று நானே உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500.

கிட்டே வந்து படிப்பது போதாது. இரவில் 15 மீட்டர் பின்னாலிருந்தும் எண் தெரிகிற மாதிரி வெள்ளை விளக்கு எரிய வேண்டும் என்கிறது 105-வது விதி. விபத்து வழக்குகளில் இதன் அருமை தெரியும். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியின் எண் கிடைத்தால், இறந்தவரின் வயது, வருமானம், நம்பியிருந்த குடும்பம் எல்லாவற்றையும் கணக்கிட்டு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கலாம். வண்டியே எது என்று தெரியாமல் போனால், 161-வது பிரிவில் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய்தான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிற பெண்ணிடம் இந்தத் தொகையைச் சொல்வது எவ்வளவு கொடுமை தெரியுமா!

அப்பாவின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. பெட்ரோல் டேங்கில் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். பிளேட்டில் எண் மட்டும் இருக்கட்டும். அப்புறம், வீட்டில் 1.4.2019-க்குப் பிறகு வாங்கிய வண்டி வேறு இருந்தால், அதன் உயர் பாதுகாப்பு பிளேட்டை (ஹாலோகிராம் முத்திரையோடு வண்டியுடன் வருவது) கழற்றி ஸ்டிக்கர் கடையில் மாற்றிவிடாதீர்கள். உடைந்தால் டீலரிடம் கேட்டு முறைப்படி புதிது வாங்குங்கள்.