கல்யாண ரோஜாக்களை ரெசினில் போடலாமா?

கேள்வி: என் திருமணத்தன்று கையில் வைத்திருந்த பூங்கொத்து இது. சிவப்பும் வெள்ளையுமாக ரோஜாக்கள், நடுவே சின்ன டெய்சிப் பூக்கள். மூன்று நாள் ஆகிறது, இன்னும் பெரிதாக வாடவில்லை. இதை அப்படியே ரெசினுக்குள் போட்டுவிட்டால் காலத்துக்கும் கெடாமல் இருக்குமா? நான்கைந்து பூக்களைத் தனியாகத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். வெள்ளை மட்டும் ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. அதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின். அது பூவைக் காப்பாற்றாது, மூடி வைக்கும், அவ்வளவுதான். இதழில் ஈரம் மிச்சமிருந்தால் உள்ளுக்குள்ளேயே கறுக்கும், குமிழி விடும், ரெசினும் ஒழுங்காக இறுகாது. முதல் வேலை பூவில் இருக்கிற தண்ணீரை எடுப்பது. அதை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு நிறம் நிற்கும். இதழ் பழுப்பாவதற்குக் காரணம் அதிலுள்ள நொதிகள். ஈரம் இருக்கும்வரை அவை வேலை செய்துகொண்டே இருக்கும். தொங்கவிட்டுக் காயவைத்தால் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் அவற்றுக்கு நிறைய அவகாசம் கிடைத்துவிடுகிறது. வெள்ளையில் அது பளிச்சென்று தெரிகிறது. சிவப்பிலும் நடப்பதுதான், கண்ணுக்குத் தெரிவதில்லை.

ரோஜாவுக்கு நான் சொல்வது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலத்து உருண்டைகள் வேண்டாம், அவை இதழில் குழி போட்டுவிடும். பூ உலர்த்துவதற்கென்றே மணல்போல் நைசாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். நீல நிறத்தில் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உடம்புக்கு ஆகாதது.

கொத்திலிருந்து நன்றாக இருக்கும் பூக்களைப் பொறுக்குங்கள். முழுக்க மலர்ந்து இதழ் தளர்ந்தது உலரும்போதே உதிரும். முக்கால்வாசி விரிந்ததுதான் தோதானது. இதழில் துளி ஈரமும் இருக்கக்கூடாது. காம்பை இரண்டு மூன்று செ.மீ. விட்டு வெட்டுங்கள். கம்பி செருக வேண்டுமானால் இப்போதே செருகிவிடுங்கள், உலர்ந்தபின் காம்பு நொறுங்கும்.

காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு ஜெல் போட்டு, ரோஜாவை நிமிர்த்தி நிறுத்துங்கள். பூவின் மேல் நேராகக் கொட்டினால் வடிவம் நசுங்கிவிடும். முதலில் சுற்றிலும் போட்டு வெளி இதழ்களுக்கு முட்டுக் கொடுங்கள், அப்புறம் ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக இதழ்களின் இடையே விடுங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுதான். பூ முழுக்க மறைந்ததும் மூடி வைத்துவிடுங்கள். தூசி பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. டெய்சியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தால் போதும்.

டெய்சி மூன்று நான்கு நாளில் தயார். ரோஜாவுக்கு ஐந்திலிருந்து ஏழு நாள். இதழ் காகிதம்போல் சலசலத்தால் மட்டும் போதாது, இதழ்கள் காம்போடு சேரும் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். மெத்தென்று இருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். ரொம்ப நாள் விட்டாலும் தொட்டதும் உடையும். எடுக்கும்போது ஜெல்லை மெதுவாகச் சாய்த்து வடித்துவிட்டு, ஒட்டியிருக்கும் தூளை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஜெல்லை வீசவேண்டாம், ஓவனில் 120 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஈரம் உறிஞ்சும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எந்த முறையிலும் நிறம் அப்படியே வராது. இதழ் சுருங்கும்போது நிறமி நெருக்கமாகிவிடுவதால் சிவப்பு, கருஞ்சிவப்பாகும். வெள்ளை, தந்த நிறத்துக்கு வரும்.

இனி ரெசின். கைவேலைப் பழக்கம் இல்லாதவர் என்றால் என் ஓட்டு கண்ணாடி மூடிய ஆழமான சட்டத்துக்குத்தான். ரெசின்தான் வேண்டும் என்றால், முதலில் இதழ்களில் தூரிகையால் மெல்லப் பூசி இறுகவிடுங்கள். இதழ்களுக்குள் இருக்கும் காற்று பின்னால் குமிழியாக வராது. பிறகு படிப்படியாக ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கெட்டியாக ஊற்றினால் இறுகும்போது சூடேறிப் பூவையே வேகவைத்துவிடும். கலவை விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான், கண்ணளவு கூடாது. மெல்லிய வெள்ளை இதழ் ரெசினை உறிஞ்சிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். எனவே ஒரே ஒரு பூவில் முதலில் பார்த்துவிடுங்கள். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் அவசியம். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு போகாது.

ஹேர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார்கள். ஈரத்தைத் தடுக்க அது போதாது, தூசிதான் ஒட்டும்.

சட்டமோ ரெசினோ, வெயில் படும் சுவர் வேண்டாம். பூ வெளுக்கும், ரெசின் மஞ்சளாகும். குளியலறைப் பக்கமும் வேண்டாம். சட்டத்தின் பின்னால் ஒரு சின்ன சிலிக்கா பொட்டலம் போட்டுவைத்தால் போதும்.

ஜெல் கையில் வரும்வரை காம்பைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் வையுங்கள். பழம் இருக்கும் ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும்.

தொங்கவிட்ட வெள்ளைக்குப் பழைய நிறம் திரும்பாது. நன்றாக உலர்ந்திருந்தால் அதன் இதழ்களைத் தனியாகப் பிரித்துச் சட்டத்தின் அடியில் பரப்பலாம், அந்தப் பழுப்பு அங்கே உறுத்தாது. பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள், மற்றப் பூக்களோடு சேர்க்கவேண்டாம்.