லூபஸ்: எதிர்ப்புச் சக்தி கூடுதலா, குறைவா?

கேள்வி: என் மகளுக்கு லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. எதிர்ப்புச் சக்தி வரம்பு மீறிச் செயல்படுவதே காரணம் என்கிறார் மருத்துவர். ரத்தப் பரிசோதனையிலோ லிம்போசைட் (எதிர்ப்புச் சக்திக்கான ஒருவகை வெள்ளை அணு) எண்ணிக்கை குறைவு என்று வந்திருக்கிறது. சக்தியைக் கூட்டச் சீந்தில் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். எதை நம்புவது?
- வாசகி, ஈரோடு

பதில்: மருத்துவர் சொன்னதும் பரிசோதனை முடிவும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. லூபஸில் லிம்போசைட்டுகள் குறைவது மிகச் சாதாரணம். அந்த அணுக்களையே தாக்கும் ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) உடல் உண்டாக்கிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். எஞ்சியிருக்கும் அணுக்களுள் எந்த வகை ஓங்கியிருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

லிம்போசைட்டுகளில் பி செல்கள், டி செல்கள் என்று வகைகள் உண்டு. இந்நோயில் பி செல்கள் உடலின் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைச் சுரக்கின்றன. அவற்றுக்குத் துணைபோகின்றவை ஒருவகை உதவி டி செல்கள். அடக்கிவைக்க வேண்டிய கட்டுப்பாட்டு டி செல்களோ பலரிடம் வலுவிழந்து காணப்படுகின்றன. (கட்டுப்பாட்டு டி செல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே ஷிமோன் சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.) அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் பாஸ்டனின் பிரிகம் மருத்துவமனையையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு சமநிலைக் குலைவை விவரித்தார்கள். வைரஸ் தாக்கும்போது சுரக்க வேண்டிய இன்டர்ஃபெரான் என்ற புரதம் லூபஸ் நோயாளிகளிடம் மிகையாகச் சுரந்து, ஏ.எச்.ஆர். என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. அதனால் பி செல்களுக்கு உதவும் டி செல்கள் பெருகி, காயம் ஆற உதவும் டி செல்கள் குறைகின்றன. நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஏ.எச்.ஆர். புரதத்தை ஆய்வகத்தில் தூண்டியபோது, பி செல்களுக்கு உதவும் டி செல்கள் குறைந்தன. நம்பிக்கை தரும் செய்திதான்; ஆனால், ஆய்வகத்தில் கண்டது மருந்தாகி நோயாளியின் கைக்கு வருவதற்குள் கடக்க வேண்டிய படிகள் பல. இன்டர்ஃபெரானின் செயலைத் தடுக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற ஊசிமருந்து மட்டும் 2021இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.

எனவே, பொத்தாம் பொதுவாக 'சக்தியைக் கூட்டுவது' உங்கள் மகளுக்குப் பொருந்தாது. கொரோனா காலத்தில் சீந்தில் உட்கொண்ட சிலருக்கு, உடலே தன் கல்லீரலைத் தாக்குவதைப் போன்ற பாதிப்பு நேர்ந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். உறவினர்களின் அக்கறையை மதியுங்கள், கஷாயத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

லூபஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை தரப்பட்டிருந்தால், உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நோயின் வேகத்தை அறிய, லிம்போசைட் எண்ணிக்கையைவிட, சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்பதும், சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள், டி.என்.ஏ. எதிர்ப்பு ஆன்டிபாடி ஆகியவற்றின் அளவும் அதிகம் உதவும். லிம்போசைட் குறைவாக இருப்பதால் தொற்று எளிதில் பற்றலாம். எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் எடுத்துக்கொண்டால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.