ஒரு மணி, இரண்டு சத்தம்

கேள்வி: காற்றைவிட இரும்பில் ஒலி வேகமாகப் போகிறதே, இரும்பின் அடர்த்தி அதிகம் என்பதால்தானே?

பதில்: அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அடர்த்திதான் காரணம் என்றால், எஃகைவிடக் கனமான ஈயத்தில் ஒலி இன்னும் வேகமாக ஓட வேண்டுமே? எஃகுக் கம்பியில் விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகிற ஒலி, ஈயக் கம்பியில் 1,200 மீட்டர்தான் போகிறது. உண்மையில் கனம் ஒலிக்குச் சுமைதான், கனமான துகளை அசைக்க நேரம் பிடிக்கும். வேகத்தைக் கூட்டுவது விறைப்பு, அதாவது ஒரு துகளைத் தள்ளினால் பக்கத்துத் துகள் எவ்வளவு வெடுக்கென்று அந்தத் தள்ளலை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது என்பது. எஃகு கனம்தான், ஆனாலும் அதன் விறைப்பு அந்தக் கனத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. ஹீலியம் காற்றைவிட எவ்வளவோ லேசு, அதில் ஒலியின் வேகம் காற்றில் உள்ளதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

1808-இல் பியோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பாரிஸில் சுமார் 950 மீட்டர் நீள இரும்புக் குழாயில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு முனையில் மணியை ஒரே ஒரு தடவை அடித்தால் மறுமுனையில் இரண்டு தடவை கேட்டது. முதலில் வந்தது இரும்பு வழியாக வந்த சத்தம், சுமார் இரண்டரை விநாடி கழித்து வந்தது குழாய்க்குள் இருந்த காற்று வழியாக நிதானமாக வந்து சேர்ந்தது.

கேள்வி: தண்ணீரிலும் ஒலி வேகமாகப் போகுமாமே, அப்புறம் ஏன் முங்கியிருக்கும்போது கரையில் கூப்பிடுவது காதில் விழுவதில்லை?

பதில்: உள்ளே வந்தால்தானே போவதற்கு! காற்றில் வரும் ஒலி ஆற்றலில் 99.9 சதவீதம் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. அதே நேரம் தண்ணீருக்குள்ளேயே இரண்டு கூழாங்கற்களைத் தட்டிப் பாருங்கள், பளிச்சென்று கேட்கும். ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் பிடிபடாது. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர், காற்றில் 343தான். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது, அந்த வித்தியாசமே நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டால் அது என்ன செய்யும், பாவம்.