பி.சி.பி. பிடித்த பிறகும் வரி பாக்கியா? – கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருபது வருடமாகச் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஜூன் வந்தால் வருமான வரிக் கெடு, எல்லோருக்கும் ஒரே பதற்றம். இன்று இரவு ஒன்பது மணி வரை கேளுங்கள். அடையாள அட்டை (ஐ.சி.) எண்ணை மட்டும் யாரும் இங்கே எழுதாதீர்கள்.

பாயான் லெப்பாஸ் தம்பி: வணக்கம் அக்கா. தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, மாதாமாதம் சம்பளத்திலேயே வரியை (பி.சி.பி.) பிடிக்கிறார்கள். வார இறுதியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், போன வருடம் செலவு போக 24,000 வெள்ளி (ரிங்கிட்) நின்றது. இணைய வரிக் கணக்கில் (இ-பைலிங்) போட்டால் 3,120 வெள்ளி கட்டச் சொல்கிறது. சிஸ்டம் தப்பா?

சிஸ்டம் சரிதான் தம்பி. உங்கள் முதலாளிக்குத் தெரிந்தது அவர் கொடுக்கும் சம்பளம் மட்டுமே. பி.சி.பி. அதற்குத்தான். வீடியோ காசுக்கு யாரும் ஒரு சென்கூடப் பிடிக்கவில்லை.

வரிக் கழிவுகள் எல்லாம் போக, சம்பளத்தில் வரிக்கு உட்படுவது 52,000 வெள்ளி என்று வையுங்கள். அதற்கு வரி 1,720. பி.சி.பி.யில் அது போய்விட்டது. வீடியோ காசு 24,000 அதன் தலைமேல்தான் ஏறி உட்காரும், கீழே இருந்து தொடங்காது. 70,000 வரைக்கும் உள்ள 18,000-க்கு 11 விழுக்காடு, அதாவது 1,980. மிச்சம் 6,000-க்கு 19 விழுக்காடு, 1,140. கூட்டினால் உங்கள் 3,120. வெள்ளிக்கு 13 சென். காசு வந்த அன்றே வெள்ளிக்கு 15 சென் வீதம் தனிக் கணக்கில் ஒதுக்கியிருந்தால் இன்று தூக்கம் போயிருக்காது. தனி வங்கிக் கணக்கு. இதை இன்னும் பல தடவை சொல்வேன், கோபிக்காதீர்கள்.

தொழில் வருமானம் இருப்பதால் உங்களுக்கு பாரம் பி என்ற வரிப் படிவம். கெடு ஜூன் 30. இ-பைலிங் என்றால் வருமான வரி வாரியம் வழக்கமாக ஜூலை 15 வரை விடுகிறது. கட்டாமல் விட்டால் 10 விழுக்காடு ஏறும், உங்களுக்கு 312 வெள்ளி. கையில் காசு இல்லை என்பதற்காக பாரம் அனுப்பாமல் இருக்காதீர்கள், அது வேறு குற்றம், அபராதம் 200 முதல் 20,000 வரை. அனுப்பிவிட்டு, முடிந்ததைக் கட்டிவிட்டு, மிச்சத்துக்குத் தவணை கேட்டு கெடு முடியுமுன் உங்கள் வரிக் கிளைக்கு எழுதுங்கள். கிரெடிட் கார்டில் இழுத்துக் கட்டிவிட்டு வட்டியோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

கிள்ளான் சாலை: நிறுவன ஆணையத்தில் (எஸ்.எஸ்.எம்.) பதிவு செய்யவில்லை. அப்படியானால் தொழில் இல்லாதவர்களுக்கான பாரம் பிஇ போதும்தானே?

போதாது. பதிவு வேறு, வரி வேறு. தொடர்ந்து லாபத்துக்காகச் செய்தால் தொழில்தான், பாரம் பி.

ஜெலுத்தோங்: வரித் தவணை அறிவிப்பு (சிபி500) வந்திருக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாம். இந்த வருடம் டியூஷன் பிள்ளைகள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள்.

ஜூன் 30-க்குள் சிபி502 திருத்தப் படிவம் கொடுத்துத் தொகையைக் குறைக்கலாம் டீச்சர். ஆனால் அளவுக்கு மீறிக் குறைக்காதீர்கள். உண்மையான வரி நீங்கள் சொன்னதைவிட 30 விழுக்காட்டுக்கு மேல் போனால், மீறின பகுதிக்கு 10 விழுக்காடு தண்டம்.

ரவாங்: விற்பனை, சேவை வரி (எஸ்.எஸ்.டி.) வசூலிக்க வேண்டுமா?

அது சுங்கத் துறை விஷயம், அவர்களைக் கேளுங்கள்.

செந்தூல் அறிவிப்பாளர்: அக்கா, பகலில் ஆபிஸ், ராத்திரி கல்யாண மேடையில் எம்சி. கோட்டு, ஜிப்பா, ஷூ எல்லாம் சேர்த்து 4,600. கழிக்கலாம்தானே?

கோட்டும் ஷூவும் கழிக்க முடியாது. ஸ்பீக்கர், மைக் கழிக்கலாம். ஒரு சாமான் 2,000 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் அந்த வருடமே முழுசாக.

செந்தூல் அறிவிப்பாளர்: என்ன நியாயம்? டி-ஷர்ட்டோடு மேடை ஏறினால் அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்?

பட்டர்வொர்த் நாட்டிய டீச்சர்: நான் பரதநாட்டிய உடைக்குக் கழிக்கிறேனே!

செந்தூல் அறிவிப்பாளர்: பாருங்கள்! அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?

சட்டம் ஒன்றுதான். வருமானம் ஈட்ட முழுக்க முழுக்க அதற்கென்றே செய்த செலவாக இருக்க வேண்டும், 33-ஆம் பிரிவு. டீச்சர் அந்த விசிறி மடிப்போடு பசாருக்குப் போக மாட்டார். நீங்கள் அதே ஜிப்பாவில் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போவீர்கள். இங்கிலாந்தில் ஒரு பெண் வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கென்றே வாங்கிய கறுப்பு உடைக்குக் கழிவு கேட்டு பிரபுக்கள் சபைவரை போனார். 1983-இல் தோற்றார். குளிருக்கும் மானத்துக்கும் உடுத்தும் துணி, தொழிலுக்கு மட்டுமே என்று சொல்ல முடியாது என்றார்கள்.

ஈப்போ சாலை: என் நண்பர் போன வருடம் கோட்டுக்குக் கழித்தார், ஒன்றும் ஆகவில்லையே.

இன்னும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். வாரியம் ஐந்து வருடம் வரை திரும்பிப் பார்த்துக் கூடுதல் வரி போடலாம். பொய்க்கணக்கு என்று கண்டால் அந்த வரம்பும் இல்லை.

பட்டர்வொர்த் நாட்டிய டீச்சர்: சலங்கையும் சேர்த்தேன் அக்கா, அது?

சலங்கை சரி. ரசீதை ஏழு வருடம் வையுங்கள். வெயிலில் எழுத்து அழிந்துவிடும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் அறிவிப்பாளர்: அப்போ வேட்டி?

தம்பி, போதும்.

பூச்சோங்: ரொக்கமாக வாங்கினால் எப்படித் தெரியும்?

ரொக்கமும் வருமானம்தான். தப்பிக்கும் வழி சொல்ல நான் உட்காரவில்லை. காசு கொடுத்த நிறுவனம் உங்கள் பெயரைச் செலவுக் கணக்கில் எழுதியிருக்கும், அதை மட்டும் யோசியுங்கள்.

சுங்கை பீசி: எஸ்.எஸ்.எம். பதிவு இல்லை, பிஇ போடலாமா?

மேலே கிள்ளான் சாலைக்காரருக்குச் சொன்னதே.

ஆயர் ஈத்தாம்: பகுதி நேரத் தொழிலில் நட்டம். லேப்டாப் வேறு வாங்கினேன். சம்பளத்தோடு கழிக்க முடியுமா?

நல்ல கேள்வி, கடைசியில்தான் வந்தீர்கள். முடியும். அந்த வருடத் தொழில் நட்டத்தை அதே வருடச் சம்பளத்தில் கழிக்கலாம், பிடித்த பி.சி.பி.யில் கொஞ்சம் திரும்பியும் வரும். ஆனால் லேப்டாப் நட்டக் கணக்கில் சேராது, அது மூலதனச் சாமான். அதற்கான கழிவு தொழில் லாபத்துக்கு எதிராகத்தான், லாபம் இல்லாவிட்டால் அடுத்த வருடத்துக்குப் போகும். பிள்ளைகள் விளையாடும் லேப்டாப் என்றால் தொழிலுக்கான பங்கு மட்டுமே. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா?

ஆயர் ஈத்தாம்: இல்லை அக்கா.

நாளைக்கே திறங்கள்.

காஜாங்: சம்பளத்தில்தான் பிடிக்கிறார்களே, இன்னும் ஏன் கட்டணும்?

மணி ஒன்பது. முதல் பதிலைப் படியுங்கள்.