ஒன்பது மாதம் ஒழுங்காக வந்த வாடகை பத்தாவது மாதம் ஏன் குறைந்தது?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன் கடன் எடுத்து ஈஸ்ட்ஹாமில் மூன்று அறை வீடு ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆறு வருடமாக அதில் இருப்பது எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் குடும்பம்: கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். வாடகை 1,750 பவுண்டு. ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. போன வருடம் அவர் வேலை செய்த கடையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப்பணத்தோடு கையிருப்பையும் சேர்த்து ஒன்பது மாதம் முழு வாடகையும் தந்தார். இப்போது மூன்று மாதமாக 1,000 பவுண்டுதான் வருகிறது. கேட்டால், "அண்ணை, காசை வெட்டிப்போட்டாங்கள்" என்கிறார். என் கடனுக்கோ நிலையான வட்டிக் காலம் முடிந்து தவணை ஏறிவிட்டது. "இரண்டு மாத நோட்டீஸ் கொடு, போகாவிட்டால் பூட்டை மாற்று" என்கிறார் ஒரு நண்பர். பிள்ளைகளைத் தெருவில் விட மனம் வரவில்லை. ஆனால் நானும் எத்தனை மாதம் தாங்குவேன்?

பதில்: முதலில் பூட்டைப் பற்றி. அதைத் தொடவே தொடாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் பெயரில் வழக்கு வரும், நட்டஈடும் கட்ட வேண்டி வரும். நண்பர் சொல்லும் இரண்டு மாத நோட்டீஸும் இன்று கிடையாது. காரணம் சொல்லாமல் எழுப்ப வழி செய்த அந்த 21ஆம் பிரிவு, புதிய வாடகையாளர் உரிமைச் சட்டத்தால் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் நீக்கப்பட்டுவிட்டது.

இனி, அந்தக் காசு எங்கே போனது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் "ஒன்பது மாதம்". குடியிருப்பவர் உங்களை ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். வேலையில்லாத குடும்பத்துக்கு அரசு தரும் எல்லா உதவியும் சேர்ந்து தாண்டக் கூடாத ஓர் உச்சவரம்பு உண்டு. 2013இல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டு என்று தொடங்கி, 2016இல் லண்டனுக்கு 23,000 ஆகக் குறைத்து, 2023இல் 25,323 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அது அசையவில்லை. மாதக் கணக்கில் ஏறக்குறைய 2,110 பவுண்டு. சாப்பாடு, மின்சாரம், பிள்ளைகளுக்கான பணம், வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் இந்த வரம்பு அவரைத் தொட்டிருக்காது. ஒரு வருடம் தொடர்ந்து போதிய சம்பளம் வாங்கியவர் வேலை இழந்தால் ஒன்பது மாதம் சலுகைக் காலம் உண்டு. அது முடிந்த மாதமே வெட்டு விழும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

வரம்பு இல்லாவிட்டாலும் ஒரு பள்ளம் இருந்திருக்கும். தனியார் வீட்டு வாடகைக்கு அரசு தரும் தொகை, முன்பு அந்தப் பகுதி வாடகைகளின் நடுவில் இருந்தது. பத்து வீடுகளை வாடகை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து மூன்றாவது வீட்டின் அளவுக்கு அதை 2011இல் இறக்கினார்கள். அதையும் பல வருடம் உறைய வைத்தார்கள். கடைசியாக 2024 ஏப்ரலில்தான் ஏற்றினார்கள், அதுவும் 2023 செப்டம்பர் வரையிலான வாடகைகளை வைத்து. கிழக்கு லண்டன் வாடகை அதற்குப் பிறகு எங்கே போய்விட்டது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே பணம் என்ற வரம்பை 2026 ஏப்ரலில் எடுத்துவிட்டார்களே, மூன்றாவது பிள்ளைக்கும் பணம் வருமே என்று நீங்கள் நினைக்கலாம். உச்சவரம்பில் ஏற்கெனவே முட்டி நிற்கும் குடும்பத்துக்கு அதனால் ஒரு பென்ஸும் கூடாது. ஒரு பக்கம் கொடுத்ததை மறு பக்கம் வெட்டிவிடுவார்கள். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. வெட்டு அரசாங்கத்தினுடையது. அடிபடுவது அந்தப் பிள்ளைகளின் தட்டும் உங்கள் கடன் தவணையும்.

ஆனால் இந்த உச்சவரம்புக்கு வெளியே வர வாசல்கள் இருக்கின்றன. உங்கள் வாடகை திரும்பி வரும் வழியும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கணவன், மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்து, குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை செய்தால் வரும் அளவை, அதாவது இப்போது மாதம் சுமார் 880 பவுண்டைத் தொட்டால், அந்த மாதம் வரம்பு பொருந்தாது. சம்பளம் வருவதால் உதவிப்பணம் கொஞ்சம் குறையும். ஆனால் பெரிய வெட்டு முழுதாகப் போய்விடும். இருவரும் ஆளுக்கு எட்டு மணி நேரம் செய்தாலும் சரி. ஒன்றை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: சம்பளச் சீட்டோடு, வரி அலுவலகத்துக்குத் தெரியும் வேலையாக இருக்க வேண்டும். நம் கடைகளில் கைக்காசுக்கு நின்றால் அது இந்தக் கணக்கில் ஏறாது, சட்டப்படி தப்பும்கூட.

இன்னொரு வாசல் உடல்நலம். வீட்டில் யாருக்காவது பிப் (பெரியவர்களுக்கான இயலாமை உதவி), பிள்ளைகளில் ஒருவருக்கு டி.எல்.ஏ. (பிள்ளைகளுக்கான இயலாமை உதவி) போன்றவை கிடைத்தாலோ, ஒருவரைப் பராமரிப்பதற்கான உதவி கிடைத்தாலோ குடும்பத்துக்கே விலக்கு உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு, வெளியில் தெரியக் கூடாது என்று விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இதை நீங்கள் நேராகக் கேட்க முடியாது. இலவசமாக ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் போன்ற அமைப்புக்குப் போய் முழுக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். நான் உங்களுக்கு ஆலோசனை சொல்பவன், அவருக்குத் தனி ஆலோசனை வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் அடங்கும் நியூஹாம் கவுன்சிலிலும் அவர் உடனே விண்ணப்பிக்கட்டும். வாடகையில் விழும் துண்டுக்கு டிஸ்க்ரிஷனரி ஹவுசிங் பேமெண்ட் என்று முன்பு தந்த உதவி, 2026 ஏப்ரலிலிருந்து க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நிதிக்குள் போயிருக்கிறது. உரிமையாகக் கிடைப்பதல்ல, நிரந்தரமும் அல்ல. ஆனால் வேலை தேடும் சில மாதங்களைக் கடத்தப் போதும்.

சரி, உங்கள் பக்கம். பாக்கி இப்போது 2,250 பவுண்டு, ஒரு மாத வாடகைக்கு மேல். தொடர்ந்து குறைத்துத் தரும் வாடகையாளரின் பாக்கி ஒரு மாதத்தைத் தொட்டாலே, வாடகைப் பங்கை நேரடியாக உங்களுக்கு அனுப்பும்படி யுனிவர்சல் கிரெடிட் அலுவலகத்தைக் கேட்கலாம். நான் அவசரப்படச் சொல்ல மாட்டேன். நேரடியாக வந்தாலும் பானையில் இருக்கும் அதே பணம்தான், உங்களுக்குக் கூட வந்தால் அங்கே சாப்பாட்டுக்குக் குறையும். அவரே சம்மதித்தால் செய்யுங்கள்.

வழக்குப் போட்டால்? வீட்டைத் திரும்பக் கேட்கச் சட்டம் எண் போட்டுப் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்று வேண்டும். நீதிபதி கட்டாயம் வீட்டைத் திருப்பித் தர வேண்டிய 8ஆம் காரணத்துக்கு இப்போது மூன்று மாத வாடகை பாக்கி வேண்டும், அதாவது 5,250 பவுண்டு. நோட்டீஸ் கொடுக்கும் நாளிலும் விசாரணை நாளிலும் அந்தப் பாக்கி இருக்க வேண்டும். மாதம் 750 குறைந்தால் அங்கே போய்ச் சேரவே மொத்தம் ஏழு மாதம். அப்புறம் நாலு வார நோட்டீஸ், நீதிமன்றம், உத்தரவை நிறைவேற்ற வரும் பெய்லிஃப். இத்தனை மாதமும் கடன் தவணையை நீங்கள்தான் கட்டுவீர்கள். இடையில் அவர் கொஞ்சம் கட்டிப் பாக்கியைக் குறைத்தால் அந்தக் காரணம் விழுந்துவிடும். வாடகை பாக்கிக்கே, நீதிபதியின் விருப்பத்துக்கு விட்ட 10, 11ஆம் காரணங்கள் உண்டு. ஆறு வருடம் ஒழுங்காகக் கட்டிய குடும்பத்தை அவற்றை வைத்து உடனே எழுப்புவார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் கட்டியிருக்கிறீர்களா, வாடகைக்கு விடக் கவுன்சில் லைசென்ஸ் தேவைப்பட்டால் எடுத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். இவை இல்லாமல் நீதிமன்றம் போனால் பணம் கட்ட வேண்டியவர் நீங்களாகிவிடலாம்.

ஏறிய தவணைக்காக வாடகையைக் கூட்ட நினைத்தால், வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத நோட்டீஸோடு கூட்டலாம். ஆனால் உதவிப்பணம் அதோடு கூடாது, பாக்கிதான் கூடும். அதைவிட, வங்கியிடம் தவணை தவறுவதற்கு முன்பே பேசுங்கள். அவரோடு உட்கார்ந்து, யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் உச்சவரம்புக் கழிவு எவ்வளவு என்று அந்த வரியைப் பாருங்கள். இப்போது எவ்வளவு, வேலை கிடைத்ததும் பாக்கிக்கு மாதம் எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகையே குறைந்துவிட்டது என்று பொருள் வரும்படி மட்டும் எழுதாதீர்கள்.

விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது: 1ஏ காரணத்தின் கீழ் நான்கு மாத நோட்டீஸ். பொய்யாகச் சொல்லி அதைப் பயன்படுத்த முடியாது, பிறகு ஒரு வருடம் அந்த வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. அப்படி முடிவெடுத்தால், நோட்டீஸ் கதவுக்குள் விழுவதற்கு முன் நீங்களே போய் அவரிடம் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்ததும் தானாக வீட்டைவிட்டுப் போனால் வீடில்லாதவருக்கு உதவும் பொறுப்பைக் கவுன்சில் எடுக்க மறுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்யாமல், அந்தத் தாளோடு முதலில் கவுன்சிலுக்குப் போகச் சொல்லுங்கள்.