மேட்டுப்பாத்தியும் மூடாக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தோட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றரை அடி உயரத்தில் ஆறு மேட்டுப்பாத்திகள் அமைத்தேன். சித்திரையில் நான்கு அங்குலத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டும் தக்காளி வாடியது. அதே வைக்கோலோடு விட்டிருந்த மிளகாய்ச் செடிகள் ஐப்பசி மழையில் தண்டு அழுகின. நத்தைகள் பெருகின, ஓர மண்ணும் சரிந்துவிட்டது. பிளாஸ்டிக் விரிப்புக்கு மாறிவிடலாமா?

ஒரு வாசகர், திருப்போரூர்

அன்புள்ள நண்பருக்கு,

மாறவேண்டாம். கறுப்பு விரிப்பு களையையும் ஈரம் ஆவியாவதையும் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் நம் கத்திரி வெயிலில் அது மண்ணைச் சூடேற்றும். மட்கி உரமாகாது, கிழிந்து துணுக்குகளாக மண்ணிலேயே கிடக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அதை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

வேர் நீரில் மூழ்கக்கூடாது என்றுதான் பாத்தியை உயர்த்துகிறோம். அந்த உயரமே கோடையில் எதிரியாகிவிடுகிறது. தரையோடு உள்ள பாத்தி மேற்புறம் மட்டும் காயும், உங்களுடையது நான்கு பக்கவாட்டிலும் சேர்ந்து காய்கிறது. மாலை வெயில் விழும் மேற்குப் பக்கம்தான் மிக மோசம். அங்கே தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மண்ணைத் தொடும்படி நெருக்கமாக அடுக்குங்கள். ஈரமும் நிற்கும், மழையில் ஓரமும் சரியாது. ஒன்றரை அடி நம் ஊர் வெயிலுக்கு அதிகம் என்றே நினைக்கிறேன். முக்கால் அடி போதும்.

இன்னொன்று, நீங்கள் எப்படித் தண்ணீர் விட்டீர்கள் என்று எழுதவில்லை. பூவாளியால் மேலே தெளித்திருந்தால் பெரும்பகுதியை வைக்கோலே குடித்திருக்கும். சிறு கோடைத் தூறலும் அப்படித்தான், மண்வரை இறங்காது. காய்ந்த மண்ணின்மேல் மூடாக்குப் போடவே கூடாது. முதலில் மண்ணை ஆழமாக நனைத்துவிட்டு மூடுங்கள். பிறகு வைக்கோலை விலக்கி வேரடியில் ஊற்றுங்கள்.

மழைக்காலக் கணக்கு வேறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு எந்தப் பாத்தியும் முழுதாகத் தாங்காது. ஆனால் மூடாத மண்தான் முதலில் போகும். துளிகள் மண்கட்டியை உடைக்கும், அந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும், அதன்பின் பெய்வதெல்லாம் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். அதனால் மூடாக்கு வேண்டும், மெல்லியதாக. புரட்டாசிக் கடைசியில் தடித்த வைக்கோலை எடுத்து எருக்குழியில் போட்டுவிட்டு, பாதி மட்கிய சருகை ஓர் அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி கட்டாயம். உங்கள் மிளகாய் அழுகியதற்கு ஈர வைக்கோல் தண்டோடு ஒட்டிக்கிடந்ததே காரணமாக இருக்கும்.

நத்தைக்கு மருந்து தேடாதீர்கள். மாலையில் நனைத்த சாக்கைப் பாத்தி ஓரத்தில் விரித்து, அடியில் பப்பாளி இலை வையுங்கள். விடிந்ததும் சாக்கடியில் கூடியிருப்பவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்தலாம்.

மட்டைகள் அடுக்கியபின், வைகாசியில் பாத்தி ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்து எவ்வளவு ஆழத்தில் ஈரம் இருக்கிறது என்று எழுதுங்கள்.